ராஜா பிடுங்கிப் போட்ட செடிகள்

போன மாசம் பங்களாவுல இருந்து போன் வந்துச்சு. பங்களான்னு வாய்ப்பழக்கத்துல சொல்றேன், இப்ப அது வெள்ளைக்காரங்க வந்து தங்குற ஓட்டல். மேனேஜர் பேசினாரு. நல்ல மனுசன், மரியாதை தெரிஞ்சவரு.

"மருதாயி அம்மா, நாங்க ஒரு இகுவானா வாங்கியிருக்கோம். பெரிய ஓணான் மாதிரி, பச்சையா இருக்கும். அதுக்குக் கூண்டு கட்டுறோம். உள்ளுக்கு உசுருள்ள செடியா வைக்கணும். அது தின்னாலும் ஒண்ணும் ஆகக்கூடாது, ஏறினாலும் ஒடியக்கூடாது. உங்களைக் கேட்டா தெரியும்னு சொன்னாங்க."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. பங்களாப் பூந்தோட்டத்துல காலம் பூரா வேலை செஞ்சிட்டு, பென்சன் எடுத்து முழங்கால் வலியோட உக்காந்திருக்கேன். ரோசாவைப் பத்தி ஒருத்தரும் கேக்கல, அந்தூரியத்தைப் பத்தி ஒருத்தரும் கேக்கல. ஓணானுக்குத் தோட்டம் போட்டவள்னுதான் றக்வான வரைக்கும் எம் பேரு போயிருக்கு. சரி, கேட்டாச்சு. சொல்லிடுறேன்.

நான் நர்சரியில பழகினவ. பிள்ளைங்க படிக்கிற நர்சரி இல்ல, தேயிலைக் கன்னு வளக்குற நர்சரி. மண்ணு சலிக்கிறது, பையில நெரப்புறது, துண்டு வெட்டி நடுறது, கெக்கில்லன்னு ஒரு காட்டுப் பெரணித் தழையை மேல பரப்பி நெழல் கட்டுறது, இதுதான் நான் படிச்ச படிப்பு. அங்க இருந்த கங்காணி கன்னு நட்டதும் வந்து ஒரு இலையைப் புடிச்சு வெடுக்குன்னு இழுப்பாரு. இலை கிழியணும், கன்னு அசையக்கூடாது. கன்னு கையோட வந்துச்சுன்னா அன்னைக்கு நம்ம பரம்பரையே அவரு வாயில அரைபடும். அதனால நட்ட கையோட காலால நல்லா மிதிச்சு மண்ணை இறுக்கிருவோம். அந்த மிதி எனக்கு ரத்தத்துல ஊறிப் போச்சு. நான் வச்சது சாயாதுன்னு பேரு வந்ததும் பங்களாவுக்கு எடுத்துக்கிட்டாங்க.

கம்பனிக்காரங்க தோட்டத்தை எடுத்த புதுசுல ஒரு பெரிய தொரை வந்தாரு. சிங்களவர்தான், ஆனா தமிழ் பேசுவாரு, நீ வா போன்னு பலகையில ஆணி அடிக்கிற மாதிரி. உசந்த ஆளு, கையில பெரம்பு. சத்தம் போட்டு ஒரு நாளும் பேசினதில்ல, அதுதான் பயமே. யாரு என்ன கேட்டாலும் கைக்கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு "பாப்போம்"பாரு. கூரைத் தகரம் ஒழுகுது தொரே. பாப்போம். தங்கச்சி கல்யாணம், லீவு வேணும் தொரே. பாப்போம். பாப்போம்னா முடியாதுன்னு அர்த்தம்னு ஒரு வாரத்துலயே எல்லாருக்கும் வெளங்கிருச்சு. நாங்க குடியிருக்கிற லயத்துல அவருக்குப் பேரே பாப்போம் தொரைதான்.

அவருக்கு ஒரே மக. சம்சாரம் செத்துப் போய், அந்தப் பொண்ணு கொழும்புல போர்டிங்குல படிச்சிட்டு இருந்துச்சு. பேபின்னுதான் சொல்லுவோம். மலையையே நடுங்க வைக்கிற தொரை, பேபி போன் பண்ணினா எந்திரிச்சு நின்னுதான் பேசுவாரு. என் கண்ணால பாத்திருக்கேன். அந்தப் பேபிதான் ஒரு நாள் ஜீப்புல பெரிய மரப்பெட்டியை அனுப்பி வச்சிருச்சு. அதுக்குள்ள இருந்தது ராஜா.

பெட்டியைத் திறந்ததும் பங்களாவுல சமைக்கிற குசினி அப்பு பண்டா "அம்மோ!"ன்னு அடுப்பங்கரைக்குள்ள ஓடினவரு, கதவிடுக்குல இருந்து எட்டிப் பாத்தாரு. மூக்குல இருந்து வால் நுனி வரைக்கும் ஒரு ஆள் நீளம். முதுகு நெடுக முள்ளு, தாடைக்குக் கீழ தொங்கு தாடி, கண்ணு ரெண்டும் கணக்கப்பிள்ளை மாதிரி ஒவ்வொரு பக்கமா உருளுது. பேபியோட அம்மா உசுரோட இருந்த காலத்துல யாரோ சொந்தக்காரங்க வெளிநாட்டுல இருந்து குட்டியாக் கொண்டாந்து குடுத்ததாம். தாயும் மகளுமா வளத்தது. போர்டிங்குல வச்சிக்க விடல. அதான் இங்க வந்துருச்சு.

தொரை என்னைக் கூப்பிட்டாரு. "மருதாயி. இது செத்தா பேபி நம்ம கூட பேசுறது இல்ல. வெளங்குதா?"

நம்ம கூடன்னா என்னையும் சேத்துத்தானான்னு கேக்க வாய் வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். பங்களாவுக்குப் பின்னால வெள்ளைக்காரன் காலத்துக் கண்ணாடிப் பூவீடு ஒண்ணு பாழாக் கெடந்துச்சு. அதுக்குக் கம்பி வலை அடிச்சு ராஜாவுக்குக் கூண்டாக்கினாங்க. உள்ளுக்குக் காடு மாதிரி செடி வேணும், ஏறுறதுக்கு, ஒளியுறதுக்கு. பேபி சித்திரை லீவுல வந்து பாக்கும்.

எனக்கும் அப்ப ஒரு தேவை இருந்துச்சு. என் தங்கச்சி லெச்சுமி மாசமா இருந்தா. முன்னால ரெண்டு தரம் வயித்துல தங்கல. ரெண்டாவது தரம் பத்தாம் நம்பர் மலையிலதான், கூடை முதுகுல இருக்கும்போதே போச்சு. அந்த மலை சுவரு மாதிரி நிக்கும், மழை பேஞ்சா கால் வைக்க எடமில்ல. இந்தத் தடவையும் அவளை அங்கதான் அனுப்பினாங்க. வழக்கமா வயித்துப் பிள்ளைக்காரிக்கு லேசான வேலை குடுக்குறதுதான். புதுத் தொரை வந்த பிறகு, கொழுந்துக்கு ஆள் பத்தலன்னு அதையும் நிப்பாட்டியாச்சு. அவ போய்க் கேட்டதுக்கும் பாப்போம்தான்.

நான் தைரியத்தை வரவழைச்சுக்கிட்டு கேட்டேன். "தொரே, பேபி வர்ற வரைக்கும் கூண்டுல செடி சாயாம நான் பாத்துக்கிறேன். என் தங்கச்சிக்கு நர்சரியில பை நெரப்புற வேலை குடுங்க தொரே."

கடிகாரத்தைப் பாத்தாரு. ராஜாவைப் பாத்தாரு. "செடி நின்னா பாப்போம்"னாரு.

வெறும் பாப்போம் இல்ல, செடி நின்னா பாப்போம். எனக்கு அதுவே பெரிய விசயமாப் பட்டுச்சு. லெச்சுமிகிட்ட ஓடிப் போய்ச் சொன்னேன். "நம்ம பொழப்பு ஒரு ஓணான் கையிலயா இருக்கு, அக்கா?"ன்னு தலையில அடிச்சிக்கிட்டா.

செடி பொறுக்குற கதைக்கு வர்றேன். ராஜா எறைச்சி தின்னாது, இலையும் பூவும் பழமுந்தான் திங்கும். அப்ப உள்ளுக்கு வைக்கிற எல்லாமே அதுக்குச் சோறுதான். பங்களா வாசல்ல அழகா நின்ன செடியில பாதியை நான் அன்னைக்கே தள்ளிட்டேன். வெட்டும்போது பால் வடியுதா, வேணாம். சாறு பட்டா கை அரிக்குதா, வேணாம். குரோட்டன், அலரி, மஞ்சப் பூக் கொடி அலமண்டா, சேம்பு சாதி பூராவும், பெரிய புள்ளி இலைச் செடி, எல்லாம் வெளிய. அந்தப் புள்ளி இலையை ஒரு தரம் பண்டா அப்பு ஏதோ கீரைன்னு கடிச்சுட்டு ரெண்டு நாளு நாக்கு வீங்கி ஊமையாத் திரிஞ்சாரு. அந்த ரெண்டு நாளும் குசினி எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா!

அடுத்தது மருந்து. தோட்டத்துல எந்தச் செடியிலதான் மருந்துக் காத்து படல? தேயிலைக்கு அடிக்கிறது பங்களா வேலி வரைக்கும் வரும். அதனால பங்களாச் செடியைத் தொடாம லயத்துப் பின்பக்கம் போனேன். அங்க யாருக்கும் மருந்து வாங்க வக்கில்ல, செடியெல்லாம் சுத்தம். செம்பருத்தி நாலஞ்சு, தண்டு என் மணிக்கட்டு மொத்தத்துக்கு. ஒரு கொய்யா, ஒரு எளங்கமுகு. வேரோட தோண்டி, பழைய மண்ணை உதறி, இலை இலையாக் கழுவி, தண்ணிப் பைப்படியில வச்சுப் புதுத் துளிர் விட்ட பிறகுதான் உள்ள கொண்டு போனேன். செம்பருத்தியை அது தின்னாலும் நல்லது, தின்னத் தின்னத் தழைக்கும். கொய்யாக் கொப்பு வளையும், ஒடியாது. நகத்துக்கும் அதுதான் தாங்கும்.

எங்க கணக்கப்பிள்ளைக்கு இதெல்லாம் புடிக்கல. "ஏன் மருதாயி, உலகத்துலயே ஒறப்பான செடியைக் கையில வச்சிக்கிட்டு கொய்யாவைத் தேடுறியே. கவ்வாத்துல மொட்டையா வெட்டினாலும் எந்திரிச்சு வருதே, தேயிலை! அதை வையி!"ன்னு தொரை முன்னாலயே சொன்னாரு. தொரையும் தலையாட்டினாரு. ஒரு தேயிலைச் செடி வந்து எறங்குச்சு. வாழ்நாள் பூராக் கொழுந்து பறிக்கிற எங்கள்ல ஒருத்தராவது அதைப் பச்சையாத் தின்னு பாத்திருக்கோமா? கெடையாது. ராஜா தின்னு பாத்துச்சு. கங்காணி சொல்லிக் குடுத்த மாதிரி துளிராப் பாத்துப் பறிச்சுத் தின்னுச்சு. அன்னைக்கு மத்தியானம் பூரா ஒரு எடத்துல இருக்கல. வலையில ஏறுது, குதிக்குது, தாடியை விரிச்சு ஆட்டுது, வாலால அடிச்சதுல கணக்கப்பிள்ளை தொப்பி பறந்து போச்சு. சாயங்காலமே தேயிலையைத் தூக்கிட்டோம். "கொழுந்தைத் தின்னதுக்கு இந்த ஆட்டம். பறிக்கிற எங்களுக்கு எவ்வளவு இருக்கணும்!"னு லயத்துல ஒரே சிரிப்பு.

அதுக்குப் பிறகு கொஞ்ச நாள் எல்லாம் ஒழுங்காத்தான் போச்சு. தொரை காலையில மலைக்குப் போறதுக்கு முந்தி வந்து கூண்டுக்கு முன்னால நிப்பாரு. யாரும் இல்லன்னு நெனைச்சுக்கிட்டு அதுகிட்ட சிங்களத்துல கொஞ்சுவாரு. "புத்தே, கெவத?"ன்னு கேப்பாரு, மகனே சாப்பிட்டியான்னு. நான் செம்பருத்திக்குப் பின்னால குனிஞ்சிருப்பேன். அந்த மனுசன் வாயில அப்படி ஒரு குரல் இருக்கும்னு தோட்டத்துல சொன்னா யாரு நம்பப் போறா?

மாசி முடியுற நேரம், ராஜாவுக்கு என்னமோ ஆச்சு. ஒரு நாள் காலையில பாக்குறேன், மூலையில இருந்த செம்பருத்தி வேரோட மல்லாந்து கெடக்கு. திரும்ப நட்டேன். அடுத்த நாள் அடுத்தது. எனக்கு மானம் போச்சு. நான் வச்ச செடி சாயுறதா? நர்சரி மிதியை மிதிச்சேன். அதுவும் பத்தலன்னு வேரைச் சுத்திக் கருங்கல்லு வச்சு, மண்ணைத் தண்ணி ஊத்திக் குத்தி இறுக்கினேன். இலையைப் புடிச்சு இழுத்துப் பாத்தேன். இலை கிழிஞ்சுது, செடி அசையல. அந்தக் கங்காணி பாத்திருந்தா மாலை போட்டிருப்பாரு.

ராஜா விடல. கல்லுக்கு மேலயே பிறாண்டுச்சு. நகம் பேந்து ரத்தம் வந்துச்சு. சாப்பாட்டைத் தொடல, பூவைக் குடுத்தாலும் மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. கையும் காலும் வாலும் வத்திப் போச்சு, ஆனா வயிறு மட்டும் பெருத்துக்கிட்டே வந்துச்சு. நான் வச்ச செடியில ஏதோ விசம்னு கணக்கப்பிள்ளை தொரை காதுல ஓதினாரு. அது செத்தா பேபி, பேபி பேசாட்டி தொரை, தொரை கோவிச்சா பத்தாம் நம்பர், பத்தாம் நம்பர்ல லெச்சுமி. எல்லாம் அந்த வயித்துலதான் இருந்துச்சு.

ரத்தினபுரியில இருந்து ஜீப்புல மாட்டு டாக்டரைக் கூட்டியாந்தாங்க. வந்த மனுசன் முதல்லயே சொல்லிட்டாரு, மாடும் ஆடுந்தான் எனக்குப் பழக்கம், இதுல தப்பாச் சொன்னா மன்னிச்சிக்கங்கன்னு. தொரையும் நானும் ராஜாவைப் புடிச்சிக்கிட்டோம். டாக்டர் வயித்தை மெதுவாத் தடவிப் பாத்தாரு. திரும்பவும் தடவினாரு. நிமிந்து தொரையைப் பாத்து, "ராஜா நெமெய் மஹத்தயா. ராணி"ன்னாரு.

ராஜா இல்லையாம், ராணியாம். வயிறு பூரா முட்டை. ஆண் இல்லாமலே போடுமாம், கோழி மாதிரி. முட்டை போட மெத்துன்னு ஈரமண் வேணும், உடம்பு பூராப் பூந்து தோண்டுற ஆழத்துக்கு. அந்த எடம் கெடைக்காட்டி அடக்கிக்கிட்டே அலையுமாம், அலைஞ்சு அலைஞ்சு முட்டையோட செத்துப் போயிருமாம்.

அது செடியைப் பிடுங்கல. செடிக்கு அடியில இருந்த மண்ணைத் தேடியிருக்கு. நான் இறுக்க இறுக்க அதுக்கு எடம் இல்லாமப் போயிருக்கு.

"அப்ப செடியை என்ன செய்யிறது?"ன்னு தொரை கேட்டாரு.

"எடுங்க, எல்லாத்தையும் எடுங்க"ன்னு சொல்லிட்டு டாக்டர் கை கழுவப் போயிட்டாரு.

தொரை என்னைப் பாத்தாரு. நானும் பாத்தேன். செடி நின்னா பாப்போம்னு சொன்னது எனக்கும் ஞாபகம் இருக்கு, அவருக்கும் இருக்கும். கடப்பாரையை எடுத்தேன். நானே வச்ச கல்லை நானே பேத்து, செம்பருத்தியை ஒண்ணொண்ணாப் பிடுங்கி வெளிய போட்டேன். சும்மா வந்துச்சா? ஒவ்வொண்ணும் என்னைப் பழி வாங்கிட்டுத்தான் வந்துச்சு. கொய்யாவை மட்டும் விட்டு வச்சேன், அது ஒரு ஓரமா இருந்துச்சு.

"நர்சரியில சலிச்ச மண்ணு இருக்கு தொரே. மருந்து கலக்காத குவியல்ல இருந்து எடுக்கணும்"னேன். தொரை டிரைவரைக் கூப்பிடல. அவரே ஜீப்பை எடுத்துக்கிட்டுப் போய், அவரே சாக்கைத் தோள்ல தூக்கிட்டு வந்தாரு. வெள்ளைச் சட்டை பூரா செம்மண்ணு. பண்டா அப்பு பாத்துட்டு கையில இருந்த தட்டைக் கீழ போட்டாரு.

பூவீட்டு மூலையில இடுப்பளவுக்கு மண்ணைக் குவிச்சு, தண்ணி தெளிச்சு, புட்டுக்கு மாவு பெசைஞ்ச பதத்துக்குக் கொண்டாந்தேன். மனுசர் கண்ணு படாம இருக்க வலையில சாக்கைக் கட்டித் தொங்க விட்டோம். சாக்குல ஒரு ஓட்டை. தொரை முக்காலியைப் போட்டு அந்த ஓட்டையில கண்ணை வச்சிக்கிட்டு உக்காந்தாரு. மலைக்குப் போகல. ஆபீசுக்கும் போகல.

உள்ள மண்ணு பறக்குற சத்தம் கேட்டுச்சு. கொஞ்ச நேரத்துல வால் நுனி மட்டுந்தான் வெளிய தெரிஞ்சுது.

"மருதாயி, வலிக்குமா?"ன்னு தொரை குசுகுசுன்னு கேட்டாரு.

எனக்கு எங்க இருந்து அந்த வாய் வந்துச்சோ தெரியல. "எனக்கு எப்பிடித் தெரியும் தொரே, நான் முட்டை போட்டதில்லயே. ஆனா வயித்துல பாரத்தோட எடம் கெடைக்காம ஏறி எறங்குறது எப்பிடின்னு என் தங்கச்சிக்குத் தெரியும். இந்நேரம் பத்தாம் நம்பர்லதான் இருப்பா. கூப்பிட்டுக் கேக்கவா?"ன்னுட்டேன்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடிச்சேன். தொரை ஓட்டையில இருந்து கண்ணை எடுக்கல. கடிகாரத்தைப் பாக்கல. பாப்போம்னும் சொல்லல. காது மட்டும் செவந்திருந்துச்சு.

சாயங்காலம் ராஜா வெளிய வந்துச்சு, தோல் மட்டும் போத்தின எலும்பா. தோண்டின குழியை மூடி, மூக்கால தட்டித் தட்டி மண்ணை இறுக்குச்சு. எங்க நர்சரிக்காரிங்க எல்லாம் அதுகிட்ட தோத்தாங்க. செம்பருத்திப் பூ ஒண்ணை நீட்டினேன், வெடுக்குன்னு பறிச்சுத் தின்னுச்சு. தொரை முகத்தைத் திருப்பிக்கிட்டு லேஞ்சியால மூக்கைச் சிந்தினாரு.

மறுநாள் காலையில பெரட்டுக்களத்துல, அதான் வேலைக்குப் பேர் குடுக்குற எடத்துல, எல்லாரும் கூடையோட நிக்கிறாங்க, நானும் பேர் குடுக்கப் போயிருந்தேன். தொரை வழக்கத்துல பெரட்டுக்கு வர மாட்டாரு. அன்னைக்கு வந்தாரு. பெரம்பால தரையில ஒரு கோடு போட்டாரு.

"வயித்துல புள்ள இருக்கிறவங்க எல்லாம் இந்தப் பக்கம் வா."

ஒருத்தியும் அசையல. வேலையை விட்டு நிப்பாட்டப் போறாருன்னு பயம். லெச்சுமி என் சேலையைப் புடிச்சிக்கிட்டா. நான்தான் முதுகுல கை வச்சுத் தள்ளினேன். அவ கோட்டைத் தாண்டினதும் ஒவ்வொருத்தியாப் போனாளுக. கடைசியா, புருசன் செத்து எத்தனையோ வருசமான பேச்சியம்மாக் கெழவி, கூடையை எறக்கி வச்சிட்டு ஆடி அசைஞ்சு போய் லெச்சுமி பக்கத்துல நின்னா.

"நீ என்னத்துக்கு?"ன்னாரு தொரை.

"ஆம்பள இல்லாமலே முட்டை போட்டுச்சாமே தொரே. அதைக் கேட்டதுல இருந்து எனக்கும் அடிவயிறு ஒரு மாதிரியா இருக்கு."

பெரட்டுக்களமே வெடிச்சிருச்சு. கங்காணி சிரிக்கிறாரு, கணக்கப்பிள்ளை வயித்தைப் புடிச்சிக்கிட்டு உக்காந்துட்டாரு. தொரை உதட்டைக் கடிச்சுப் பாத்தாரு, முடியல, குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாரு. அவரு சிரிச்சு நாங்க பாத்தது அதுதான் முதல்.

"எல்லாரும் நர்சரிக்குப் போ. மண்ணு சலி"ன்னாரு. பேச்சியம்மாவைப் பெரம்பால காட்டி, "இவளையும் கூட்டிட்டுப் போ"ன்னாரு.

லெச்சுமிக்குப் பொண்ணு பொறந்துச்சு, நல்லபடியா. லயத்துல அதுக்கு உடும்புக்குட்டின்னு பட்டப்பேரு. இப்ப அது கேகாலையில படிக்குது, யாராவது அப்பிடிக் கூப்பிட்டா கல்லெடுத்து அடிக்க வரும். சித்திரை லீவுக்குப் பேபி வந்து, ராஜா ராணியான கதையைக் கேட்டுத் தரையில உருண்டு சிரிச்சுச்சு. தகப்பனும் மகளும் ஒண்ணா மறுபடி செம்பருத்தி நட்டாங்க. நான் மிதிக்க வரக்கூடாதுன்னு கண்டிசன்.

இந்த ஓட்டல் மேனேஜருக்கு எல்லாத்தையும் சொன்னேன். தண்டு மொத்தமான செம்பருத்தி வைங்க, கொய்யா வைங்க, எளங்கமுகு வைங்க. பால் வடியுறதும் அரிக்கிறதும் வேணாம். மருந்து படாத எடத்துச் செடியா எடுங்க, மண்ணை உதறி, கழுவி, துளிர் விட்ட பிறகு உள்ள வைங்க. ஒரு மூலையில மட்டும் ஒண்ணுமே நடாதீங்க, ஈரமண்ணை ஆழமாப் போட்டு விட்டுருங்க.

"அது எதுக்கு அம்மா? எங்களுது ஆம்பளதான். வித்தவரு நல்லாப் பாத்துத்தான் குடுத்தாரு"ன்னாரு.

"எங்களுதும் ஆம்பளயாத்தான்யா வந்துச்சு"ன்னேன்.